ஐந்து மணி ரொட்டி

தலையணை உறைக்குள் நாலு துண்டு ரொட்டி. விவகாரம் அங்கேதான் தொடங்குகிறது.

சிறைக் காவலர் எழுதிய சீட்டில் ரெண்டே வரி: அறைக்குள் உணவு பதுக்கி வைத்திருந்தார், பறிமுதல் செய்து அழிக்கப்பட்டது, எச்சரிக்கை தரப்பட்டது. பதுக்கியவர் 68 வயதுப் பெரியவர், நம்மவர். வெள்ளை ரொட்டியில் மார்ஜரினும் ஜாமும் தடவி, பழைய செய்தித்தாளில் சுற்றி வைத்திருந்தாராம். மூன்று நாள் கழித்து அவர் பெயர் வேறொரு புத்தகத்தில் ஏறியிருக்கிறது. இரவு 11:30, நினைவு தடுமாறிய நிலை, ரத்தச் சர்க்கரை 2.6. இங்கே மில்லிமோல் கணக்கு. சென்னை லேப் கணக்கில் சொன்னால் 47. எழுபதுக்குக் கீழே போனாலே ஆபத்து என்பது சர்க்கரைக்காரர் வீட்டில் எல்லோருக்கும் தெரியும்.

இந்த ரெண்டு பதிவுக்கும் நடுவே ஒரு கயிறு ஓடுகிறது என்பதை நிரூபிக்க எனக்கு ஏழு வாரம் பிடித்தது. அந்த ஏழு வாரக் கதைதான் இது. ஆள், சிறை, ஆண்டு எதையும் அடையாளம் தெரியும்படி எழுதவில்லை. தென்னாப்பிரிக்கா, குவாசுலு-நட்டால் மாகாணம், அவ்வளவு போதும்.

அப்போது நான் சுயேச்சை சிறைப் பார்வையாளராக இருந்தேன். அதற்கு முன்னால் முப்பத்தோரு வருடம் கரும்பாலையில் எடைமேடை குமாஸ்தா. லாரி கரும்போடு உள்ளே வரும்போது ஒரு எடை, காலியாக வெளியே போகும்போது ஒரு எடை, ஆலைக்குள் வேறொருவர் எழுதும் கணக்கு ஒன்று. மூன்றையும் எதிரெதிரே வைத்துப் பார்ப்பதுதான் பிழைப்பு. தமிழ் கோயில் பள்ளியில் சனிக்கிழமைகளில் படித்தது. சுலு ஆலையில் பழகியது. ஆலையில் முதலில் வாயில் ஒட்டியது ஃபனகலோதான். முதலாளி வேலைக்காரனை ஏவுவதற்கென்று உருவான கலப்பு மொழி அது. சிறைக்குள் போய் அதில் ஒரு சுலு இளைஞனிடம் பேசினால் முகத்தைத் திருப்பிக்கொள்வான், நியாயம்தான். அதனால் ஐம்பது வயதுக்கு மேல் சுலுவை முறையாகக் கற்றுக்கொண்டேன்.

"என்ன படிச்சிருந்தா இந்த வேலை கிடைக்கும்?" என்று கோயிலில் பையன்கள் கேட்பதுண்டு. 1998ஆம் ஆண்டின் 111ஆம் எண் சட்டம்தான் இங்கே சிறைகளுக்கு அடிப்படை. அதன்படி சிறைத்துறைக்கு வெளியே நீதித்துறைக் கண்காணிப்பகம் என்று ஒன்று உண்டு. ஆங்கில எழுத்துகளைச் சேர்த்து எல்லோரும் 'ஜிக்ஸ்' என்போம். அதற்குத் தலைவர் ஆய்வு நீதிபதி. பணியில் இருக்கும் அல்லது ஓய்வுபெற்ற நீதிபதிதான் அந்த நாற்காலியில் உட்காரலாம். சட்டம், மருத்துவம், சிறையியல் படித்தவர்களை அவர் உதவிக்கு வைத்துக்கொள்ளலாம். எங்களைப் போன்ற பார்வையாளர்களை நியமிக்க மட்டும் சட்டம் பட்டம் கேட்கவில்லை. பொதுவில் பெயர்களை வரவழைத்து, ஊர் அமைப்புகளைக் கலந்து, பிறகு நீதிபதி நியமிக்க வேண்டும் என்கிறது. என் பெயர் கோயில் கமிட்டி வழியாகப் போனது.

சட்டம் கேட்காத தகுதிகளும் உண்டு. அவற்றை ஒவ்வொரு சிறைக் கதவும் கேட்கும். புதிதாக அடித்த பெயின்ட் வாசனை வந்தால் எந்தச் சுவரை இன்று காட்டப் போகிறார்கள் என்று புரிய வேண்டும். நமக்கென்று தட்டில் வைத்துக் கொடுக்கும் சாப்பாட்டை மட்டும் ருசி பார்த்துவிட்டு வந்துவிடக் கூடாது. அப்புறம், ஒருவர் எதற்காக உள்ளே வந்தார் என்று கேட்கும் ஆசையை அடக்கத் தெரிய வேண்டும். இந்தப் பெரியவர் என்ன செய்துவிட்டு வந்தார் என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

அதிகாரம் என்று பார்த்தால், சட்டத்தின் 93ஆம் பிரிவில் இருப்பதுதான். சிறையின் எந்த மூலைக்கும் போகலாம், எந்த ஆவணத்தையும் கேட்கலாம், கைதியோடு தனியாகப் பேசலாம், புகாரை டைரியில் எழுதி சிறைத் தலைவரிடம் பேசித் தீர்க்கப் பார்க்கலாம். தலைவர் மறுத்தால் விஷயம் ஆய்வு நீதிபதிக்குப் போகும். அவர் சொல்வதே முடிவு. ஆனால் ஒரு பூட்டைத் திறக்கச் சொல்லவோ ஒருவரைத் தண்டிக்கவோ எனக்கு அதிகாரம் கிடையாது. அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலத்தில் 1975இல் அமைத்த சிறைத் தர ஆணையம் இருக்கிறது. அதன் இன்ஸ்பெக்டர் ஒரு கவுன்டி சிறை தரத்துக்கு இணங்கவில்லை என்று எழுதினால், நிலைமை திருந்தாதபோது அங்கே கைதிகளை வைக்கக் கூடாது என்றே ஆணையம் உத்தரவு போட முடியும். இங்கே நாங்கள் எழுதுவது பரிந்துரை. அதைப் பற்றிப் பிறகு.

முதலில் பார்த்தது புகார்ப் புத்தகம். கைதி ஒவ்வொருவருக்கும் தினமும் புகார் சொல்ல வாய்ப்புத் தர வேண்டும், அதைப் பதிய வேண்டும் என்பது விதி. பெரியவரின் புகார் பதிவாகித்தான் இருந்தது: 'கைதி கூடுதல் உணவு கேட்கிறார்.' எதிரே நடவடிக்கைக் கட்டத்தில் ஒரே சொல்: 'விளக்கப்பட்டது.' கீழே கையெழுத்து. புகார் தீர்ந்தது.

'விளக்கப்பட்டது' என்ற சொல்லைப் பார்த்தால் எனக்கு அரிக்கும். கூரை ஒழுகுகிறது என்று ஒருவன் சொன்னால், ஏன் ஒழுகுகிறது என்று அவனுக்கே சொல்லிவிட்டுக் கையெழுத்துப் போடுவது.

அடுத்து கிளினிக் தாள். சர்க்கரை இறங்கியதற்குக் காரணம் அங்கே தெளிவாக எழுதியிருந்தது. நோயாளி மத நம்பிக்கையால் 'ஃபாஸ்டிங்' இருக்கிறார், உபவாசத்தைக் கைவிடும்படி அறிவுறுத்தப்பட்டது, மறுத்துவிட்டார்.

மாதம் புரட்டாசி.

இதைத் தமிழ்நாட்டில் படிப்பவர்களுக்குக் கொஞ்சம் விளக்க வேண்டும். டர்பன் பக்கத்து இந்தியர்களுக்கு 'ஃபாஸ்டிங்' என்றால் பட்டினி கிடையாது. கறி, மீன், முட்டை தொடாமல் இருப்பது, அவ்வளவுதான். "இன்னிக்கு ஃபாஸ்டிங்" என்று சொல்லிக்கொண்டே பீன்ஸ் குழம்பு ஊற்றிய 'பன்னி சோ' என்ற குடைந்த ரொட்டியை ஒரு கை பார்ப்பவர்கள் நாங்கள். புரட்டாசி முழுக்க வீட்டில் பருப்பு, கீரை, ரொட்டி என்று வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டுத்தான் 'ஃபாஸ்டிங்'. பெரியவர் அந்த அர்த்தத்தில் சொல்லியிருக்கிறார். நர்ஸ் கேட்டபடியே எழுதியிருக்கிறார். வாரத்துக்கு ஒருநாள் வரும் டாக்டர் வேறு மாகாணத்தவர். அகராதி அர்த்தத்தில் எடுத்துக்கொண்டார். ஃபாஸ்டிங்கை விடுங்கள் என்று அவர் சொல்ல, கறி தின்னச் சொல்கிறார் என்று இவர் புரிந்துகொண்டு, புரட்டாசியிலா, முடியவே முடியாது என்று சொல்லியிருக்கிறார். 'மறுத்துவிட்டார்' என்பதன் கதை அது. ஒருவர் மேலும் தப்பில்லை. ஆனால் அந்த ஒரு சொல்லால் விவகாரமே மூடப்பட்டிருந்தது: உபவாசம் இருந்தார், சர்க்கரை இறங்கியது, அவர் விருப்பம்.

அவரை ஆறாம் பிளாக்கின் சட்ட ஆலோசனை அறையில் பார்த்தேன். காவலர் கதவருகே நின்றார். தனியாகப் பேச வேண்டும் என்றதும் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் போய் நின்றார். பார்க்கலாம், கேட்கக் கூடாது, அதுதான் ஏற்பாடு. பெரியவர் முதலில் இங்கிலீஷில்தான் ஆரம்பித்தார், பள்ளிக்கூடப் பிள்ளை தலைமையாசிரியரிடம் பேசுவது மாதிரி. நான் தமிழில் கேட்டதும் தோள் இறங்கியது.

"அண்ணே, ரொட்டிய எதுக்கு ஒளிச்சு வச்சீங்க?"

"ஒளிக்கல தம்பி. வச்சிருந்தேன்."

"எதுக்கு?"

"ராத்திரி எட்டு மணிக்குச் சாப்பிட. ஊசி போடுறவன் படுக்கறதுக்கு முன்ன ஏதாச்சும் உள்ள தள்ளணும்னு எங்க ஊரு கிளினிக்ல சிஸ்டர் சொல்லியிருக்கா. இருவது வருசமா அப்படித்தான்."

"சரி, அப்ப சாயந்தரச் சாப்பாடு சாப்பிடறதில்லையா?"

"அதான் தம்பி சாயந்தரச் சாப்பாடு."

"எது?"

"அந்த ரொட்டிதான்."

ஒரு நிமிடம் எனக்குப் பிடிபடவில்லை. அவர் பொறுமையாக விரல் விட்டுச் சொன்னார். காலையில் ஏழு மணிக்குக் கூழும் ரொட்டியும். அதற்கப்புறம் பகல் ரெண்டு மணிக்குத்தான் தட்டு. வலது கையில் தட்டு வாங்கும்போதே இடது கையில் ரொட்டிப் பொட்டலத்தைத் திணித்துவிடுவார்கள், ஒரு கோப்பை பொடிப் பானமும் உண்டு. அந்தப் பொட்டலத்துக்குப் பெயர்தான் இரவு உணவு. மூன்றரைக்கு லாக்கப், அதாவது எல்லா அறைகளையும் பூட்டிவிடுவார்கள். "அதுக்கு மேல காலைலதான் தம்பி கதவு."

அந்த நாலு துண்டு பறிபோன பிறகு பயத்தில் அவர் ரொட்டியை வைத்துக்கொள்ளவில்லை; வாங்கிய இடத்திலேயே தின்றுவிட்டார். மூன்றாம் நாள் ராத்திரி கை ஆடி, வேர்த்துக் கொட்டி, சுவரில் சாய்ந்துவிட்டார். பக்கத்துப் படுக்கை சுலு இளைஞன் தன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்து வாயில் விட்டிருக்கிறான். மற்றவர்கள் கதவைத் தட்டியிருக்கிறார்கள். சாவி வர முக்கால் மணி நேரம். "அந்தப் பயல் என்னை மலூமேன்னு கூப்புடுவான்" என்றார். மலூமே என்றால் சுலுவில் மாமா.

இன்சுலின் விஷயத்தைக் கிளினிக் நர்ஸிடம் கேட்டுக்கொண்டேன். அவருக்குக் காலையும் மாலையும் கலவை இன்சுலின். உடனே வேலை செய்யும் பகுதியும், மெதுவாக எழுந்து பல மணி நேரம் வேலை செய்யும் பகுதியும் அதில் கலந்திருக்கும். சாப்பாட்டுக்கு அரை மணி முன்னால் போட வேண்டியது. சாப்பாடு ரெண்டு மணிக்கு என்பதால் 'மாலை' ஊசியை ஒன்றரைக்கே போட்டுவிடுகிறார்கள். மெதுவான பகுதி ராத்திரிவரை சர்க்கரையை இறக்கிக்கொண்டே இருக்கும், வயிற்றில் எதுவும் இல்லாத நேரத்தில். எட்டு மணி ரொட்டிதான் அந்தப் பள்ளத்தை நிரப்பிக்கொண்டிருந்தது. அதைக் குப்பையில் போட்டார்கள்.

இதெல்லாம் ஒருவர் சொன்ன கதை. கைதி சொல்வது மட்டும் அறிக்கை ஆகாது, அதிகாரி சொல்வது மட்டும் ஆகாதது போலவே. புத்தகங்களைக் கேட்டேன்.

சமையலறைப் பதிவேட்டில் இரண்டு மாதக் கணக்கு. காலை 07:00, மதியம் 12:00, இரவு 17:00. அறுபத்தோரு நாளும் அதே நேரம், நிமிடம்கூடப் பிசகவில்லை. சட்டத்தின் 8ஆம் பிரிவைத் தெரிந்தவர் எழுதிய எண்கள். ஒரு வேளைக்கும் அடுத்த வேளைக்கும் இடையே நாலரை மணிக்குக் குறையக் கூடாது, ஆறரை மணியைத் தாண்டக் கூடாது. இரவுச் சாப்பாட்டுக்கும் மறுநாள் காலைச் சாப்பாட்டுக்கும் நடுவே மட்டும் 14 மணி நேரம்வரை போகலாம் என்கிறது அந்தப் பிரிவு. மாலை ஐந்திலிருந்து காலை ஏழு: கச்சிதமாகப் பதினாலு. ஆலையில் ஒரே எடை தொடர்ந்து வந்தால் நாங்கள் லாரியைச் சோதிக்க மாட்டோம், தராசைச் சோதிப்போம்.

தராசு எங்கே இருக்கும்? சமையலறைக்காரர் எழுதாத புத்தகத்தில்.

லாக்கப் பதிவேட்டை எடுத்தேன். அது வேறு ஆள், வேறு கவலை. அங்கே தலை எண்ணிக்கை ஒன்று பிசகினாலும் வேலை போகும், அதனால் நேரத்தைச் சரியாக எழுதுவார்கள். 15:30, 15:35, 15:28. அந்த நேரத்துக்கு எல்லா அறைகளும் பூட்டியாகிவிட்டது, தொகை சரி. அதற்குப் பிறகு ஓர் அறையைத் திறந்தால் காரணம் எழுதி மூத்தவர் கையெழுத்துப் போட வேண்டும். இரண்டு மாதத்தில் அப்படித் திறந்தது ஒன்பது தடவை. ஒன்பதும் உடல்நலக் காரணம். அதில் நாலு எங்கள் பெரியவரும் இன்னும் இரண்டு சர்க்கரைக்காரர்களும். சாப்பாடு கொடுக்க ஒரு தடவைகூடக் கதவு திறக்கவில்லை.

மூன்றரைக்குப் பூட்டிய அறைக்குள் ஐந்து மணிக்குச் சாப்பாடு போனது எப்படி?

மூன்றாவது புத்தகம் ஒன்றும் கிடைத்தது, யாரும் நினைத்துப் பார்க்காதது. சமையலறையில் உணவின் சூட்டை அளந்து எழுதும் தாள், சுவரில் ஆணியில் மாட்டியிருந்தது. அதை எழுதுபவர் சமையல் குழுவில் வேலை செய்யும் கைதி. அவருக்குச் சட்டப் பிரிவு தெரியாது. தெர்மாமீட்டர் காட்டியதையும் கடிகாரம் காட்டியதையும் எழுதிவைத்திருந்தார். மதிய உணவு 13:35. இரவு உணவுக் கட்டத்தில் ஒரு கோடு. ரொட்டிக்கு ஏது சூடு.

இதற்குப் பிறகும் நேரில் பார்க்க வேண்டியிருந்தது. நான் வழக்கமாகப் போவது செவ்வாய், அது வாசல் காவலர் முதல் எல்லோருக்கும் தெரியும். ஒரு வியாழக்கிழமை பகல் ஒன்றரைக்குப் போனேன். முன்னறிவிப்பில்லாமல் போவது கண்காணிப்பவரின் உரிமை என்று ஐ.நா. 2015இல் ஏற்ற நெல்சன் மண்டேலா விதிகளும் சொல்கின்றன. ஆனால் விதியைச் சொன்னால் வாசல் திறந்துவிடாது. இருபது நிமிடம் நிறுத்திவைத்தார்கள். அதற்குள் யாரோ உள்ளே போன் போட்டிருப்பார்கள் என்று தெரியும், தெரிந்தும் ஒன்றும் செய்ய முடியாது. ரெண்டு மணிச் சாப்பாட்டை இருபது நிமிடத்தில் ஐந்து மணிக்கு மாற்ற முடியாது என்பதுதான் ஒரே ஆறுதல்.

தள்ளுவண்டி 13:50க்கு வந்தது. கைதிகள் இரண்டு வரிசை. புத்து, முட்டைக்கோஸ், பீன்ஸ். புத்து என்பது இங்கே சோள மாவில் செய்வது, நம் புட்டோடு குழப்ப வேண்டாம். அடுத்த மேசையில் ரொட்டிப் பொட்டலங்கள் செங்கல் அடுக்கின மாதிரி. வலது கையில் தட்டு, இடது கையில் பொட்டலம், பெரியவர் சொன்னபடியே. பாதிப் பேர் அங்கேயே ரொட்டியையும் தின்று முடித்தார்கள். மீதிப் பேர் சட்டைக்குள், கால்சட்டைக்குள், ஒருவர் தொப்பிக்குள். காவலர்கள் பார்த்துக்கொண்டுதான் நின்றார்கள். சில நாள் பிடிப்பார்கள், சில நாள் விடுவார்கள். கடைசி ஆள் வாங்கியது 14:25. மறுநாள் காலை 07:10க்குக் கூழ் வரும். பதினாறே முக்கால் மணி நேரம்.

சிறைத் தலைவர் நல்ல மனிதர் என்றே சொல்வேன். இருபது வருட அனுபவம், கத்திப் பேசாதவர். என் தாளைப் படித்துவிட்டு, பகல் ஷிஃப்ட் நாலு மணிக்கு வீட்டுக்குப் போகிறது, அதற்குப் பிறகு ஒரு பிளாக்குக்கு ரெண்டு பேர், அந்த ஆளை வைத்துக்கொண்டு ஐந்து மணிக்குக் கதவுகளைத் திறந்தால் கத்திக்குத்து நடக்கும், அப்போது நீங்கள் வந்து எழுதுவீர்களா என்று கேட்டார். அதில் பொய் இல்லை. நெருக்கடியும் ஆள் பற்றாக்குறையும் இந்த நாட்டுச் சிறைகளின் பழைய வியாதி. எட்வின் கேமரன், பின்னாளில் 2020இல் ஆய்வு நீதிபதியானவர், அரசியல் சாசன நீதிமன்றத்தில் இருந்தபோதே 2015இல் கேப் டவுன் போல்ஸ்மூர் சிறையைப் பார்த்துவிட்டு எழுதிய அறிக்கையைப் படித்தால் ராத்திரி தூக்கம் வராது.

அப்புறம் தலைவர் ஒரு வாதம் வைத்தார். பதிவேடு பொய் இல்லை என்றார். பொட்டலத்தை ரெண்டு மணிக்குக் கொடுத்தாலும் அது ஐந்து மணிக்குச் சாப்பிடுவதற்கான உணவு. கைதிகள் அறைக்குக் கொண்டுபோய் ஐந்து மணிக்குச் சாப்பிடுகிறார்கள். ஆகவே 17:00.

நான் பையிலிருந்து ரெண்டு வரிச் சீட்டை எடுத்து மேசை மேல் வைத்தேன். 'அறைக்குள் உணவு பதுக்கி வைத்திருந்தார்.' கைதி ரொட்டியை அறைக்குக் கொண்டுபோய்ப் பிறகு சாப்பிடுவது உங்கள் ஏற்பாடு என்றால், இந்தச் சீட்டு எதற்கு? இந்தச் சீட்டு சரி என்றால், 17:00 எங்கிருந்து வந்தது? ரெண்டில் ஏதாவது ஒன்றைத்தான் நீங்கள் வைத்துக்கொள்ள முடியும் என்றேன்.

வெகுநேரம் அந்தச் சீட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "ரொட்டிதானே" என்றார்.

அந்தச் சொல் எனக்கு உறைத்தது. இந்த நாட்டில் சிறை ரொட்டி என்றைக்கும் ரொட்டி மட்டுமாக இருந்ததில்லை. நிறவெறிக் காலத்தில் மண்டேலாவை அடைத்து வைத்திருந்த ராபன் தீவுச் சிறையில் உணவுப் பட்டியலே இனம் பார்த்துத்தான். இந்தியருக்கும் கலப்பினத்தவருக்கும் ரொட்டி உண்டு, ஜாம் உண்டு. கறுப்பினத்தவருக்கு ரெண்டும் இல்லை. காந்தியின் சத்தியாகிரகத் தோழர் தம்பி நாயுடுவின் பேரன் இந்திரஸ் நாயுடு அங்கே பத்து வருடம் கைதியாக இருந்தார். தாத்தா காலத்துக் கதை வேறு மாதிரி. 1908 ஜனவரியில் ஜோகன்னஸ்பர்க் கோட்டைச் சிறையில் காந்தியோடு தம்பி நாயுடுவும் இருந்தபோது, சோளக்கூழ் ஒத்துக்கொள்ளவில்லை, உணவை மாற்றுங்கள் என்று இந்தியக் கைதிகள் மனு எழுதினார்கள். தில்லையாடி வள்ளியம்மை மாரிட்ஸ்பர்க் சிறையில் பிடித்த காய்ச்சலோடு வெளியே வந்து 1914 பிப்ரவரி 22 அன்று இறந்தபோது வயது 16. எங்கள் கோயில் பள்ளியில் இந்தப் பெயர்களைச் சொல்லித்தான் தமிழ் எழுத்தே கற்றுக்கொடுத்தார்கள். தலைவரிடம் இதையெல்லாம் சொல்லவில்லை. அது அவருக்கான பாடம் இல்லை, நான் போனதும் அதற்கில்லை.

சொன்னது ஒன்றே ஒன்று. இந்தப் பெரியவர் அன்று ராத்திரி இறந்திருந்தால் உங்கள் துறை அதை எந்தக் கட்டத்தில் எழுதியிருக்கும்? சிறை மரணம் ஒவ்வொன்றும் ஆய்வு நீதிபதிக்கு உடனே போக வேண்டும். 'இயற்கை', 'இயற்கைக்கு மாறானது' என்று பிரிப்பார்கள். சர்க்கரைக்காரக் கிழவர், உபவாசம் இருந்தார் என்று கிளினிக் தாள் வேறு சொல்கிறது. இயற்கை மரணம் என்று போயிருக்கும். வியாதி ஏற்கெனவே இருந்தது என்றார் தலைவர். 2012 டிசம்பரில் டட்லி லீ வழக்கில் அரசியல் சாசன நீதிமன்றம் சொன்னதை நினைவூட்டினேன். போல்ஸ்மூரில் விசாரணைக் கைதியாக இருந்தபோது காசநோய் பிடித்தவர் லீ. நோய் எந்தக் கைதியிடமிருந்து தொற்றியது என்று காட்ட முடியாது என்ற வாதத்தைத் தாண்டி, முறையான தடுப்பு ஏற்பாடு இல்லாததற்குத் துறையே பொறுப்பு என்றது நீதிமன்றம். தலைவர் அந்த வழக்கைக் கேள்விப்பட்டிருந்தார். சிறையில் இருக்கும் எல்லா அதிகாரிகளும் கேள்விப்பட்டிருக்கிறார்கள்.

தனி மனிதர் விஷயம் ஒரு வாரத்தில் தீர்ந்தது. 8ஆம் பிரிவிலேயே அதற்கு வழி இருக்கிறது: மருத்துவக் காரணம் இருந்தால் உணவையும் உணவு நேரத்தையும் மாற்ற டாக்டர் உத்தரவிடலாம். நர்ஸ், டாக்டர், நான் மூவரும் உட்கார்ந்தோம். 'ஃபாஸ்டிங்' என்ற சொல்லை விளக்கினேன். டாக்டர் சிரிக்கவில்லை, நெற்றியைப் பிடித்துக்கொண்டார். எத்தனை தாளில் அந்தச் சொல்லைப் பார்த்து அப்படியே எடுத்துக்கொண்டேனோ என்றார். மாலை ஊசியின் அளவைக் குறைத்து, கிளினிக் மூடுவதற்குச் சற்று முன்பாகத் தள்ளினார்கள். ராத்திரி எட்டு மணிக்கு ரொட்டியும் ஒரு கோப்பைப் பாலும், அறையில் வைத்துக்கொள்ள எழுத்து மூலம் அனுமதி. கை ஆடினால் உடனே மூன்று ஸ்பூன் சர்க்கரை, கால் மணி நேரம் கழித்து மறுபடி பரிசோதனை என்று சுலுவிலும் ஆங்கிலத்திலும் எழுதி அறைக்குள் ஒட்டினார்கள். எச்சரிக்கைச் சீட்டு ரத்தானது. மற்ற இரண்டு சர்க்கரைக்காரர்களுக்கும் இதே ஏற்பாடு.

சிறை முழுவதற்குமான விஷயம் தீரவில்லை. அறிக்கை பார்வையாளர் குழுவுக்குப் போனது, அங்கிருந்து ஜிக்ஸுக்கு. அவர்கள் மாகாண ஆணையருக்கு எழுதினார்கள். பதில் வந்தது: பரிசீலிக்கப்படும். 2020 டிசம்பரில் அரசியல் சாசன நீதிமன்றம் ஒரு தீர்ப்பில், கண்காணிக்கப்படும் துறையிடமே பணத்துக்குக் கை நீட்டும் ஜிக்ஸுக்குப் போதிய சுதந்திரம் இல்லை, சட்டத்தைத் திருத்துங்கள் என்று நாடாளுமன்றத்துக்கு 24 மாதம் கொடுத்தது. என்னைக் கேட்டால், சுதந்திரத்தோடு கொஞ்சம் கட்டாயப்படுத்தும் அதிகாரமும் வேண்டும். பரிந்துரைக்கு அதிகாரி பயப்படுவதில்லை, செய்தித்தாளுக்குப் பயப்படுகிறார். நாங்களோ பத்திரிகையிடம் பேசக் கூடாது.

ஆனாலும் ஒன்றுமே நடக்கவில்லை என்று சொல்ல மாட்டேன். தலைவர் தன் கைக்கு எட்டியதைச் செய்தார். ரொட்டி மேசையைத் தனியாகப் பிரித்து, லாக்கப்புக்குச் சற்று முன்னால், 15:15க்குக் கொடுக்க ஏற்பாடு. சமையல் குழு அரை மணி முந்தி எழுந்து காலைக் கூழை 06:30க்குக் கொடுத்தது. பதினைந்தேகால் மணி நேரம். சட்டத்துக்கு இன்னும் ஒன்றேகால் மணி நேரம் அதிகம்தான். சமையலறைப் பதிவேட்டை எழுதும் அதிகாரி ஒருநாள் என்னை ஓரமாகக் கூப்பிட்டு, "15:15ன்னே எழுதவா சார்? அது விதிமீறல்னு புத்தகத்திலேயே தெரியுமே" என்று கேட்டார். எழுதுங்கள் என்றேன். அடுத்த வாரம் பார்த்தேன்: 15:15, 15:20, 15:12. கைநடுக்கத்தோடு எழுதிய மாதிரி இருந்தது. எனக்கு அந்தப் பக்கம் ரொம்பப் பிடித்திருந்தது.

தைப்பூசத்துக்கு முந்தின வாரம் போனபோது பெரியவர் இல்லை. வேறு சிறைக்கு மாற்றிவிட்டார்கள், நெரிசல் காரணம். கோப்பு அவரோடு போயிருந்தது. டாக்டரின் உணவு உத்தரவு மட்டும் இங்கேயே, அறைக் கதவில் ஒட்டினபடி இருந்தது. அதைப் பிய்த்து நகலெடுத்து கிளினிக் வழியாக அனுப்பச் சொல்லிவிட்டு, அந்தச் சிறையின் பார்வையாளருக்குப் போன் போட்டேன். சுலுப் பெண்மணி, முன்னாள் நர்ஸ், என்னைவிட இரண்டு வருடம் சீனியர். எல்லாம் சொல்லி முடித்து, அங்கே இரவுச் சாப்பாடு எத்தனை மணிக்கு என்று கேட்டேன்.

"புத்தகத்திலா, நிஜத்திலா?" என்றார்.

"நிஜத்தில்."

"ரெண்டேகால்."